மீசையைக் காப்பாற்ற வந்தவர்கள்

அந்தச் சட்டையின் மார்பிலும் முதுகிலும் பொடிப் பொடியாக ஓட்டைகள் இருந்தன. வெள்ளை டெரிலின் சட்டை. ரூபாய் நோட்டுகளைக் குண்டூசியால் குத்திக் குத்தி வந்த ஓட்டைகள். சில இடங்களில் ஓட்டையைச் சுற்றிக் காபிக் கறை மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அது காபி இல்லை. சனங்கள் உற்சாகத்தில் குத்தும்போது ஊசி சட்டையோடு நிற்காமல் உடம்புக்குள்ளும் போயிருக்கிறது. எங்கள் ஆபீஸ் ஸ்டெனோ அண்ணன் அந்தச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, விடுப்பு முடிந்த முதல் நாள் கல்கத்தாவில் எங்கள் அலிப்பூர் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் இருந்ததே நான்கு சட்டை. அதைத் தூக்கியெறிய அவருக்கு வசதி இல்லை.

இப்போது இதையெல்லாம் எழுத உட்காரக் காரணம், போன வாரம் எங்கள் சென்னை அடுக்ககத்தில் கதவிடுக்கில் செருகியிருந்த ஒரு நோட்டீஸ். நோயுற்ற குழந்தைகளுக்காக ஒரு இளைஞர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறாராம், ஒரு பெண் தலையை மொட்டை அடித்துக்கொள்ளப் போகிறாளாம். நாம் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மொட்டைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். படித்தவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகள் மேல் கோபமில்லை, அவர்கள் நல்ல பிள்ளைகள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதாது, இன்னொருவர் உடம்பு நோக வேண்டும், அதை நாம் பார்க்க வேண்டும், அப்போதுதான் கை பைக்குள் போகும் என்றிருக்கிற நம் புத்தியின் மேல்தான் கோபம்.

எழுபதுகளின் நடுவில் நான் கல்கத்தாவில் டைப்பிஸ்ட். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், நாங்கள் பாலிகஞ்சில் குடியிருந்தோம். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. என் மேஜைக்கு எதிர் மேஜை ஸ்டெனோ அண்ணனுடையது. விருதுநகர்ப் பக்கம் அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை. ஒல்லியான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத கனத்த மீசை. அவர் டைப் அடித்தால் மழை ஓட்டுக்கூரையில் விழுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். ஆபீசர் சொல்லி முடிப்பதற்குள் இவர் சுருக்கெழுத்தில் எடுத்து முடித்திருப்பார். வேறு செக்‌ஷன்காரர்கள்கூட அவசரக் கடிதம் என்றால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். "இந்தப் பத்து விரல்தான்மா எனக்குச் சொத்து, நிலம் நீச்சு எல்லாம்" என்று அடிக்கடி சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது வெறும் பேச்சில்லை. ஊரில் இருந்த அம்மாவும் தங்கையும் அந்த விரல்களை நம்பித்தான் இருந்தார்கள்.

அண்ணன் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீட்டில் கீழறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும் போல அவரும் பௌதி, அதாவது அண்ணி, என்று அழைத்தார். பௌதியின் வீட்டுக்காரருக்கு ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலை கதவடைப்பில் மூடிக் கிடந்தது. அவர்களுக்கு ஒரே பெண், ஏழு வயது. வீட்டில் மாமோனி என்று கூப்பிடுவார்கள். நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும், உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். இதயத்தில் ஓட்டை இருக்கிறது, வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்கத்தாக்காரர்களுக்கு அப்போதும் பெரிய வியாதி என்றால் வேலூர்தான். பௌதி அண்ணனிடம் வந்து, "வேலூர் உங்கள் ஊர்தானே, நீங்கள் சொன்னால் பார்ப்பார்களே" என்று கண்ணீரோடு கேட்டாளாம். வேலூரை அண்ணன் ரயில் ஜன்னலில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருடைய பொறுப்பாகிவிட்டது.

முதலில் அவர் சும்மாதான் கேட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு கதை சொன்னவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரு தாளில் அழகாக டைப் அடித்து, குழந்தையின் வயது, வியாதி, டாக்டர் சொன்னது எல்லாம் எழுதி, ஆபீசில் மேஜை மேஜையாகக் கொண்டு போனார். எங்கள் சூப்பரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாசக் கடைசியில் கொண்டு வருகிறாயே" என்றார். மாதம் பிறந்து மூன்றாம் நாள் அது. நான் இரண்டு ரூபாய் எழுதினேன். அந்த வாரம்தான் புதுப் புடவை எடுத்திருந்தேன்.

அடுத்து எங்கள் தமிழ் மன்றத்துக்குப் போனார். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேடை போட்டு ஊரிலிருந்து பேச்சாளர்களை வரவழைக்கிற மன்றம். தலைவர் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். "தம்பி, நம்ம விதியிலே தமிழர் நலன்னுதானே போட்டிருக்கு? வங்காளிப் பொண்ணுக்கு வங்காளிகிட்ட கேக்கறதுதானே முறை?" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். முறைப்படியே அண்ணன் வங்காளிகளிடம் போனார். தெருமுனையில் வாலிபர்களின் க்ளப் ஒன்று இருந்தது. பூஜைக்கு வீடு வீடாக ஏறிச் சந்தா பிரிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. க்ளப் செகரட்டரி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னானாம்: சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள் தாதா, ஏதாவது காட்ட வேண்டும். அங்கே தாதா என்றால் அண்ணன்.

காட்டுவது என்றால் அப்போதெல்லாம் சைக்கிள்தான். மைதானத்தில் வட்டம் போட்டு, கால் தரையில் படாமல் இரண்டு நாள், மூன்று நாள் சைக்கிள் ஓட்டுவார்கள். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. மைக்கில் பாட்டு ஓடும். பார்க்க வருகிறவர்கள் ஓட்டுகிறவனின் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். அதற்கென்று ஊர் ஊராகப் போகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் வசூலில் பாதி கேட்பார்கள். அண்ணன், "நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஊரில் டைப்பிங் பழகத் தினமும் எட்டு மைல் சைக்கிளில் போய் வந்தவராம். அந்தத் தைரியம். என்னிடம் வந்து சொன்னபோது, "மூணு நாள்தானம்மா, லீவு இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸ்டெனோ அண்ணன் சர்க்கஸ் காட்டுகிறாரா என்று ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

முதல் நாள் திருவிழா மாதிரி இருந்தது. வாடகைச் சைக்கிளுக்குக் காகிதத் தோரணம், மைதான ஓரத்தில் ஷாமியானா, அதன் கீழ் ஒரு நாற்காலியில் மாமோனி. அவளை அங்கே உட்கார வைத்தது செகரட்டரியின் யோசனை. மூச்சு வாங்குகிற குழந்தையைப் பார்த்தால் சனங்களுக்கு மனசு இளகுமாம். மாலை ஐந்தரைக்கு எங்கள் ஆபீசே பஸ் பிடித்து வந்துவிட்டது. மாசக் கடைசி என்ற சூப்பரண்டு பத்து ரூபாய் நோட்டை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, ஓடுகிற சைக்கிளோடு நாலடி ஓடி, அண்ணன் மார்பில் குத்தினார். மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். நான் ஐந்து ரூபாய் குத்தினேன். என் பெயரையும் சொன்னார்கள். மறைப்பானேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மழை. தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கூடவே ஓடினார்கள். மைதானம் சேறானதும் பெடல் கனத்தது. அண்ணன் உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடியில் சாய்த்து மிதித்தார்.

மூன்றாம் நாள் காலை வீட்டிலிருந்து இட்லி எடுத்துக்கொண்டு போனேன். சைக்கிளோடு நடந்தபடியே டப்பாவை நீட்டினேன். அவர் ஒரு கையை எடுத்தார். இட்லியை எடுக்கப் போன விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. இட்லி சேற்றில் விழுந்தது. "சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப்போச்சும்மா. ராத்திரியிலேர்ந்து எறும்பு ஊருது. கையே என்னுது மாதிரி இல்லை" என்றார். கண் சிவந்து, கன்னம் உள்ளே போய், மூன்று நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். "இறங்கினா சரியாப் போயிடும் அண்ணா" என்றேன். எந்த வைத்தியம் படித்து அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இட்லியைப் பிட்டு அவர் வாயில் ஊட்டினேன். மைக்காரன் அதைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு ஊட்டும் தங்கை என்று உருக்கமாக அறிவித்தான். கூட்டம் கைதட்டியது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நோட்டைக் குத்தினாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் இறங்க வேண்டும். ஐந்தரைக்குச் செகரட்டரி மைக்கைப் பிடித்து, நம் வீரர் இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார் என்று அறிவித்தான். அண்ணனிடம் கேட்கவில்லை. அவர் சுற்றி வரும்போது அவனைக் கூப்பிட்டு, கை மரத்துவிட்டது என்று வங்காள மொழியில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் ஷாமியானாவுக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காட்டினான். வேலூருக்குப் போக இன்னும் போதாது தாதா, அவ்வளவுதான் சொன்னான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். சிரித்த முகத்தோடு கழுத்தைப் பிடிக்கிற சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. நானாவது ஓடிப்போய் சைக்கிளை மறித்திருக்கலாம். இல்லை, ஷாமியானாவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் காலையிலேயே வசூல் படுத்துவிட்டது. ஒரே ஆள் ஒரே சைக்கிளில் சுற்றுவதை எத்தனை நேரம் பார்ப்பார்கள்? அப்போதுதான் செகரட்டரிக்கு மீசை ஞாபகம் வந்தது. இவ்வளவு தொகை சேர்ந்தால் மதராஸி வீரர் மீசையை எடுத்துவிடுவார் என்று அறிவித்தான். கூட்டம் திரும்பியது. சின்னப் பையன் முதல் மீன் கடைக்காரர் வரை காசை எடுத்தார்கள். செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போயிருக்கிறது. மாலை நான்கு மணிக்கு இரண்டு டாக்சியில் எங்கள் தமிழ் மன்றம் வந்து இறங்கியது.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும். முகமெல்லாம் சிவந்திருந்தது. சைக்கிள் நிற்காதில்லையா, அதனால் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கூடவே ஓட வேண்டியதாயிற்று. "தம்பி, இது தமிழனுக்கே அவமானம்! மீசையைத் தொட விடாதீங்க! அவங்க என்ன குடுக்கறாங்களோ அதுக்கு மேலே நாங்க குடுக்கறோம்!" என்று மூச்சு இரைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் வீடு வீடாகப் பிரித்த பணம் ஒரு துணிப்பையில் இருந்தது. என் அப்பாவும் கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. குழந்தையின் இதயத்துக்குத் திறக்காத பெட்டியெல்லாம் மீசைக்குத் திறந்துவிட்டன.

அண்ணன் மேலும் இரண்டு சுற்று மிதித்தார். தலைவரும் இரண்டு சுற்று ஓடினார். பிறகு அண்ணன், "பணத்தை பௌதி கையிலே குடுங்க சார்" என்றார். கொடுத்தார்கள். கைதட்டல். அடுத்த சுற்றில் அவர் செகரட்டரியைப் பார்த்து நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். தலைவர், "என்ன தம்பி இது, இதுக்கா குடுத்தோம்?" என்று கத்தினார். "நீங்க குடுத்தது அந்தப் பிள்ளைக்கு சார். மீசை என்னோடது" என்றார் அண்ணன். இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்து மெதுவாகத் தள்ள, நாவிதர் பக்கத்தில் நடந்துகொண்டே இரண்டு இழுப்பில் எடுத்துவிட்டார். உதட்டுக்கு மேல் கொஞ்சம் ரத்தம். மீசையில்லாத அந்த முகம் யாரோ பள்ளிக்கூடப் பையனுடையது போல இருந்தது. மன்றத்தார் கோபித்துக்கொண்டு டாக்சியில் ஏறினார்கள். பௌதியிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மட்டும் வெட்கப்பட்டார்கள், அந்த வரைக்கும் நல்லவர்கள்.

ஐந்தாம் நாள் மாலை அவரை நான்கு பேர் சைக்கிளிலிருந்து தூக்கினார்கள். கால் மடங்கியபடியே நின்றது. பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பாண்டு வாத்தியம் வாசித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஹவுராவிலிருந்து மெட்ராஸ் மெயிலில் பௌதியோடும் மாமோனியோடும் துணைக்கு அவரே வேலூர் போனார். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அங்கே ஒரு டாக்டர் தற்செயலாக இவர் கையைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை வழியாகப் போகிற நரம்பு இரண்டு கையிலும் நசுங்கிவிட்டது என்றாராம். முதலில் எறும்பு ஊர்ந்தபோதே இறங்கியிருந்தால் சரியாகியிருக்கும், இப்போது சொல்ல முடியாது என்றாராம்.

சரியாகவில்லை. திரும்பி வந்து டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். ஏ என்ற ஆங்கில எழுத்து இடது சுண்டு விரலுக்கு உரியது. அவர் அடித்த கடிதங்களில் அந்த எழுத்து மங்கலாக விழும், பல இடங்களில் விழவே விழாது. வரிகள் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். மார்பில் பத்து ரூபாய் குத்திய அதே சூப்பரண்டு விழாத எழுத்துகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கொஞ்ச நாள் நான் திருத்தி அடித்துக் கொடுத்தேன். பிறகு எனக்கும் வேலை அதிகம் என்று விட்டுவிட்டேன். வருடம் திரும்புவதற்குள் வேகப் பரிசோதனை வைத்தார்கள், தேறவில்லை என்று எழுதினார்கள், கீழ்ச் சம்பளத்தில் பழைய கோப்புகள் அடுக்குகிற அறைக்கு அனுப்பினார்கள். எல்லாம் விதிப்படிதான். ஐந்து நாள் நோட்டுக் குத்திய அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் தங்கையின் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அவர் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு நாள் கோப்பு கேட்டு அங்கே போனபோது வாய்விட்டுக் கேட்டேன், வருத்தமாக இருக்கிறதா என்று. இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்வார், நிம்மதியாகத் திரும்பலாம் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது. "இருக்கும்மா. புள்ளை பொழச்சதுல எனக்குச் சந்தோசம்தான். ஆனா மொதல்ல கேட்டப்பவே குடுத்திருக்கலாம்ல? எல்லார்கிட்டயும் இருந்துச்சே" என்றார். கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மீசை மறுபடி வளர்ந்துவிட்டது. அதோடு மீசைக் கதையும் வளர்ந்தது. மன்றத்தில் எந்த விருந்து என்றாலும் யாராவது அதை எடுப்பார்கள். தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியதைத் தலைவரே நடித்துக் காட்டுவார். சொல்லச் சொல்ல, மன்றம்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என்று ஆகிவிட்டது. பத்துப் பதினோரு வருடம் கழித்து ஆண்டு விழாவில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவு செய்தார்கள். பௌதியும் மாமோனியும் வந்திருந்தார்கள். மாமோனிக்கு அப்போது பதினெட்டு வயது, கல்லூரி மாணவி, நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. அண்ணன் அறையில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவாள், அவரை மட்டும் வங்காள வழக்கப்படி காக்கு, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள்.

மேடையில் மீசைக் கதையை இன்னொரு முறை சொன்னார்கள். சபை குலுங்கிச் சிரித்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, தங்க மூடி போட்ட பேனாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஸ்டெனோவுக்குப் பேனாவை விடப் பொருத்தமான பரிசு உண்டா என்றார் தலைவர். மன்றத்தின் பெரிய பதிவேட்டைப் பிரித்து, அதே பேனாவால் நாலு வரி எழுதச் சொன்னார்கள். அண்ணன் பேனாவை வாங்கினார். விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. இன்னொரு கையால் தாங்கிப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறார் என்று நினைத்துச் சபை கைதட்டத் தொடங்கியது. தட்டல் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

மாமோனி எழுந்து மேடைக்குப் போனாள். அவர் கையிலிருந்து பேனாவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் மெதுவாகப் பேசியதும் எல்லோருக்கும் கேட்டது.

"காக்குவாலே எழுத முடியாது. சைக்கிள் ஓட்டினாரே, அப்ப கை போயிடுச்சு. தினம் சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடறேன். உங்க யாருக்குமே தெரியாதா?"

கைதட்டல் நின்றது. தெரியாது என்று முகங்களில் எழுதியிருந்தது, அவர்கள் உண்மையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையிலிருந்தே தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மற்றவர்களோடு சேர்ந்து நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.